வளவின் நடுத்தட்டு: கறிவேப்பிலையும் குளிர்நாட்டு வனத்தோட்டமும்

(இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அட்டாளைச்சேனையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு செடி. கறிவேப்பிலைச் செடி. பாலாணம் கொதிக்கும்போது கை நீட்டிப் பறிக்கிற அந்த இலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். பனி உறைகிற நாடுகளில், உண்ணக்கூடிய ஒரு செடியை வீட்டருகே ஆண்டுக்கணக்கில் நிலைநிறுத்த மனிதர்கள் என்னென்ன பாடுபடுகிறார்கள் என்பதை முதலில் சொல்கிறேன். அதைக் கேட்ட பிறகு நம் வளவுகளைத் திரும்பிப் பார்ப்போம். அவர்கள் தேடித்தேடிக் கற்றுக்கொண்ட ஒன்று நம்மிடம் தலைமுறைகளாக இருந்தது. அதை நாம் நம் கையாலேயே வெட்டி அப்புறப்படுத்திக்கொண்டிருக்கிறோம். நான் சொல்ல வந்த செய்தி இதுதான்.

இருபது பேர்ச்சில் ஒரு காடு

இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் நாட்டு எல்லையை அண்டி, ஷ்ரொப்ஷயர் என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே வென்லொக் எட்ஜ் என்ற மலைச்சரிவில் ரொபர்ட் ஹார்ட் என்பவர் வாழ்ந்தார். 1913இல் பிறந்தவர், 2000இல் மறைந்தவர். கற்பதில் மிகுந்த குறைபாடுடன் பிறந்த தம் சகோதரரைப் பராமரித்துக்கொண்டே அந்த நிலத்தில் பண்ணை நடத்தினார். ஆடுமாடும் ஆண்டுதோறும் விதைக்கும் மரக்கறியும் தம் சக்திக்கு மீறியவை என்று சில காலத்தில் கண்டுகொண்டார். ஆனால் ஓர் ஓரத்தில் நட்டிருந்த பல்லாண்டு மூலிகைகளும் கீரைகளும் பெரிதாக யாரும் கவனிக்காமலே செழித்து நின்றன. அதிலிருந்து அவருக்கு ஒரு வழி பிறந்தது. உழாமல், ஒவ்வோராண்டும் விதைக்காமல், காடு தன்னைத் தானே நடத்திக்கொள்வதுபோல் நடக்கும் ஒரு உணவுத் தோட்டத்தை ஏன் அமைக்கக் கூடாது?

அந்தத் தோட்டத்தை அவர் ஏழு தட்டுகளாக வகுத்தார். மேலே பெரிய பழமரங்கள், அதற்குக் கீழே சிறு மரங்கள், அதற்கும் கீழே செடிகள், பிறகு பூண்டுகள், தரையில் படர்வன, மண்ணுக்குள் கிழங்குகள், இவை எல்லாவற்றிலும் ஏறிச் செல்லும் கொடிகள். வனத்தோட்டம் என்று இன்று உலகமெங்கும் பேசப்படும் முறை குளிர்நாடுகளில் பரவியதற்கு அவருடைய தோட்டமும் அவர் எழுதிய நூல்களும் பெரிய காரணம்.

இரண்டு செய்திகளை இங்கே கவனியுங்கள். முதலாவது, அந்தப் புகழ்பெற்ற தோட்டத்தின் அளவு. ஏக்கரில் எட்டிலொரு பங்கு, ஏறத்தாழ 500 சதுர மீற்றர். நம் கணக்கில் 20 பேர்ச். அட்டாளைச்சேனையில் ஒரு சாதாரண வளவு! இரண்டாவது, அவருக்கு முன்மாதிரியாக நின்ற இடங்களில் ஒன்று கேரளத்து வீட்டுத்தோட்டம். தென்னைக்குக் கீழே பலா, பலாவுக்குக் கீழே மிளகு, வாழை, இஞ்சி, மஞ்சள் என்று நிற்கும் அந்த வளவைத்தான் அவர் குளிர்நாட்டு மண்ணுக்கு ஏற்ற மரஞ்செடிகளால் திரும்பக் கட்டிப் பார்த்தார். நம் நாட்டின் கண்டி வீட்டுத்தோட்டங்களும் ஆய்வாளர்கள் பல காலமாக எடுத்துக்காட்டும் அதே வகை. நம் கரையோர வளவுகளும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். தென்னை, மா, முருங்கை, மாதுளை, தேசி, கறிவேப்பிலை, ரம்பை, பசளி, வெற்றிலை, சேம்பு, மஞ்சள். எண்ணிப் பாருங்கள், ஏறத்தாழ ஏழு தட்டும் வந்துவிடும். அதற்குத் திட்டம் போட்டுத் தந்தவர் எவருமில்லை. மூத்தம்மாமார் ஒவ்வொன்றாக நட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இரு நாட்டுக்கும் வெயில் ஒன்றல்ல. இங்கிலாந்து வடக்கே 50 பாகைக்கு அப்பால் இருக்கிறது. சூரியன் அங்கே சரிந்தே செல்வான். மரங்களை நெருக்கமாக நட்டால் கீழே நிற்கும் செடிக்கு வெளிச்சம் கிடைக்காது, ஆகவே அவர்கள் மரங்களுக்கிடையே தாராளமாக வெளி விடுகிறார்கள். நாம் இருப்பது 7 பாகையில். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது நடுப்பகல் வெயில் இளங்கன்றைக் கருக்கிவிடும். இங்கே தென்னையின் அரைநிழல் கீழ்ச்செடிக்குக் கிடைத்த குடை. அவர்கள் ஒளிக்காக இடைவெளி தேடுகிறார்கள், நாம் நிழலுக்காக மேல்மரம் வைத்திருக்கிறோம். தட்டு முறை ஒன்றே, கணக்கு மட்டும் எதிர்த்திசையில்.

குளிர் தாங்கும் மைத்துனன்

இந்த ஏழு தட்டுகளில் அன்றாடம் நம் கைக்கு எட்டுவது மூன்றாவது தட்டு, செடித்தட்டு. தென்னையில் ஏற ஆள் வேண்டும். மா ஆண்டுக்கொரு பருவம் தரும். செடி மட்டும் இடுப்புயரத்தில் நின்று கேட்டபோதெல்லாம் கொடுக்கும். கத்தரியும் மிளகாயும் போகத்துக்குப் போகம் நாற்று, நடுகை, களை, மருந்து என்று புதிதாக வேலை வைக்கும். பல்லாண்டுச் செடி ஒருமுறை வேர்பிடித்தால் போதும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதன் வேர் ஆழத்தில் ஈரம் தேடிக்கொள்ளும், உதிர்ந்த இலை மண்ணுக்கே போகும்.

குளிர்நாட்டார் இந்தத் தட்டில் எதை நடுகிறார்கள்? இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியிலுள்ள டார்ட்டிங்டனில், மார்ட்டின் க்ரோஃபர்ட் என்பவர் 1994இலிருந்து இரண்டு ஏக்கர் வனத்தோட்டம் ஒன்றை வளர்த்துவருகிறார். 500க்கும் மேற்பட்ட தாவர வகைகள் அங்கே உண்டு. அவர் போன்றோர் விரும்பி நடும் செடிகளில் ஒன்று சீனாவின் சிச்சுவான் மிளகு. பெயரில் மிளகு இருந்தாலும் நம் மிளகுக்கும் அதற்கும் உறவில்லை. அதன் உறவு வேறிடத்தில். தேசி, தோடை, விளா, வில்வம், கறிவேப்பிலை ஆகிய எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். சிச்சுவான் மிளகும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். கறிவேப்பிலைக்கு மைத்துனன் என்று சொல்லலாம்.

இந்த உறவை அதன் இலையிலும் காணலாம். ஒரே காம்பில் இருபுறமும் சிற்றிலைகள், இலையில் எண்ணெய்ப் புள்ளிகள், கசக்கினால் எழும் வாசனை. ஜப்பானில் அந்த இனத்தின் சன்ஷோ என்ற செடியின் இளந்தளிரைக் ‘கினோமே’ என்பார்கள். உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டி, வாசனையை எழுப்பி, உணவின்மேல் வைப்பார்கள். நேபாளத்தில் இதே இனத்துத் திமுர் என்ற செடியின் காய்த்தோல் அங்குள்ளோரின் அன்றாடச் சம்பலில் சேரும். நாவை மரத்துப்போகச் செய்யும் ஒருவகைக் காரம் அதற்கு உண்டு.

இந்த மைத்துனன் குளிரை எப்படித் தாங்குகிறான்? இலையுதிர்காலத்தில் பகல் குறுகுவதைச் செடி உணர்ந்துகொள்கிறது. இலையிலுள்ள சத்தைத் தண்டுக்கும் வேருக்கும் இறக்கிக்கொண்டு இலையை உதிர்க்கிறது. மொட்டுகள் கடினமான செதிளுக்குள் மூடிக்கொள்கின்றன. உயிரணுக்களில் சர்க்கரை கூடுவதால் உறைபனி அவற்றை எளிதில் கிழிப்பதில்லை. இப்படித் தூங்கப்போகும் செடியில் சில வகைகள் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக் குளிரையும் தாண்டி நின்று, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கின்றன. குளிர்நாட்டு வனத்தோட்டக்காரர் செய்கிற முதல் வேலை, இப்படித் தூங்கத் தெரிந்த செடியைத் தேர்ந்தெடுப்பதுதான்.

கறிவேப்பிலைக்கு அந்தத் தூக்கம் தெரியாது. 26இலிருந்து 37 பாகை வரையான வெப்பத்தில் அது மகிழ்ச்சியாக வளரும். வெப்பம் 16 பாகைக்குக் கீழே போனால் மொட்டு நின்றுவிடும். உறைபனி விழுந்தால் இளங்கன்று மடியும். இந்த 16 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். நம் நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ அதுவே. தை, மாசி அதிகாலைகளில் அங்கே புல்வெளியில் உறைபனி படிவதும் உண்டு. ஆகவே குளிர்நாட்டுச் சிக்கலைக் காண நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. குளிருக்குச் சுணங்குவதில் வகைக்கு வகை வேறுபாடும் உண்டு. கர்நாடகத்தின் தார்வாட் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இரு கறிவேப்பிலை வகைகளில் ஒன்று வாசனை எண்ணெய் மிகுந்தது, ஆனால் குளிர்காலத்தில் துளிர்க்கத் தயங்குவது. மற்றதில் எண்ணெய் சற்றுக் குறைவு, குளிருக்கு அது அவ்வளவாகச் சுணங்குவதில்லை.

டொரொன்டோவின் சாளரத்தருகே

இனி அந்த 16 பாகையோடு ஆண்டுதோறும் போராடும் நம்மவர்களிடம் வருவோம். 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியேறிய நகரம் கனடாவின் டொரொன்டோ. அங்கே தை மாதச் சராசரி வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே. மண்ணே கல்லாக உறையும். அந்த நகரத்திலும் தமிழர் வீடுகளில் கறிவேப்பிலை இருக்கிறது, தொட்டியில்.

அவர்களுடைய ஆண்டு இப்படி நகரும். வைகாசி நடுப்பகுதியில் உறைபனி அபாயம் நீங்கி, இரவு வெப்பம் 10 பாகைக்கு மேல் நிலைத்த பிறகு தொட்டியை வெளியே எடுப்பார்கள். உடனே வெயிலில் வைத்தால் இலை கருகும். ஆகவே முதலில் நிழலில், பிறகு காலை வெயிலில் என்று பழக்குவார்கள். நான்கு மாதக் கோடையில் செடி ஆண்டு முழுவதற்குமான வளர்ச்சியைக் காட்ட வேண்டும். புரட்டாதியில் இரவு குளிரத் தொடங்கியதும் உள்ளே கொண்டுவந்து தெற்குப் பக்கச் சாளரத்தருகே வைப்பார்கள். வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் காற்றை உலர்த்திவிடும். உலர்ந்த காற்றில் செஞ்சிலந்தியும் செதிள்பூச்சியும் பெருகும். குளிர்காலத்தில் செடி பாதி இலையை உதிர்த்து நிற்பதைப் பார்த்து, புதிதாக வளர்ப்பவர் செடி செத்துவிட்டதென்று நினைத்துத் தண்ணீரை அள்ளி ஊற்றுவார். வேர் அழுகி அப்போதுதான் உண்மையில் சாகும். பழகியவர் ஈரத்தைக் குறைத்து, பசளை எதுவும் போடாமல், பொறுத்திருப்பார். பங்குனியில் பகல் நீளும்போது கொழுந்து எட்டிப்பார்க்கும்.

இத்தனை பாடு எதற்கு? கடையில் காய்ந்த இலை கிடைக்காமலா? கிடைக்கும். ஆனால் கறிவேப்பிலையின் வாசனையை ஆராய்ந்த வேதியியலாளர், அதன் உயிர்நாடி கந்தகம் கலந்த ஒரு சேர்மம் என்று கண்டிருக்கிறார்கள். மிகச் சிறிய அளவில் இருந்து, காயும்போது வெகுவாகப் போய்விடும் வாசனை அது. செடியிலிருந்து நேரே சட்டிக்குப் போகும் இலைக்கு இணையில்லை. அதற்காகத்தான் ஒரு தொட்டியை ஆண்டுக்கு இருமுறை வாசற்படி தாண்டிச் சுமக்கிறார்கள். நம் வேலியோரத்தில் அந்தச் செடி தண்ணீர்கூடக் கேட்காமல் நின்றது.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குக் கன்று கொண்டுபோக நினைக்கும் உம்மாமாருக்கு இங்கே ஒரு வார்த்தை. தயவுசெய்து பயணப்பெட்டியில் கன்றோ பச்சை இலையோ வைக்காதீர்கள். கறிவேப்பிலையின் கொழுந்தில் அமரும் ஆசியச் சைலிட் என்ற சிறு பூச்சி, தோடை, தேசி மரங்களைக் கொல்லும் பச்சைநோய்க் கிருமியைச் சுமக்கக்கூடியது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1998இல் இந்தப் பூச்சியும் 2005இல் நோயும் கண்டறியப்பட்டன. உலகப் புகழ்பெற்ற அந்தத் தோடைத் தோட்டங்களின் விளைச்சல் இருபது ஆண்டுகளில் பத்திலொரு பங்குக்கும் கீழே விழுந்துவிட்டது. அதனால்தான் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் கறிவேப்பிலை உள்ளே வருவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. மைத்துனனுக்கும் இதே கதி நேர்ந்தது. தோடையைத் தாக்கும் இன்னொரு நோய்க்கு அஞ்சி, 1968இலிருந்து 2005 வரை சிச்சுவான் மிளகை அமெரிக்கா இறக்குமதி செய்ய விடவில்லை. ஒரு செடியின் நோய் ஒரு நாட்டின் விவசாயத்தையே சாய்க்க முடியும். பிள்ளைகள் அந்தந்த நாட்டு நாற்றுமேடைகளில் வாங்கி வளர்க்கட்டும்.

நம் மணலில் நடும் முறை

இனி நம் மண்ணுக்கு வருவோம். வெப்பம் நமக்குக் குறைவில்லை. நம் சிக்கல் மணல். அது தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்காது. கடலோரத்தில் சிப்பி கலந்த மணலில் சுண்ணாம்பும் கூடுதல். மழை பெரும்பாலும் மாரியில், ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டித் தீர்த்துவிடும். பிறகு நீண்ட கோடை. இந்த நிலத்துக்கேற்பச் செய்ய வேண்டியவை இவை.

கன்று கிடைக்க இரண்டு வழி. ஒன்று விதை. கறுத்துக் கனிந்த பழத்தைப் பறித்து, சதையை நீக்கி, உடனே விதைக்க வேண்டும். இந்த விதை காய்ந்தால் உயிர் போய்விடும், ஆகவே நெல்போல் சேமித்து வைக்க முடியாது. புதிதாக விதைத்தால் மூன்று வாரமளவில் முளைக்கும். குயிலும் கொண்டைக்குருவியும் பழத்தைத் தின்று வேலியோரங்களில் போட்டு முளைப்பிக்கும் கன்றுகளையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி வேர்க்கன்று. வளர்ந்த செடியைச் சுற்றி வேரிலிருந்து குட்டிகள் எழும்பும். மாரியில் மண் ஈரமாக இருக்கும்போது, குட்டியைச் சொந்த வேரோடு பிரித்து நிழலில் சில வாரம் பையில் வைத்துப் பிறகு நடுங்கள். தாய்ச்செடியின் வாசனை குட்டிக்கு அப்படியே வரும். உங்கள் ஊரில் எந்த வீட்டுச் செடி வாசனைக்குப் பேர்போனதோ, அந்த வீட்டாரிடம் ஒரு குட்டி கேளுங்கள்.

நடுமிடம் கிணற்றடிக்கும் குசினிக்கும் இடையே இருக்கட்டும். காலை வெயிலும் பிற்பகல் அரைநிழலும் விழும் இடம் நல்லது. ஒன்றரை அடி அகல ஆழத்தில் குழி வெட்டுங்கள். அடியில் பொச்சுமட்டைகளை அடுக்குங்கள். தெங்கு ஆராய்ச்சி நிலையம் தென்னைக்குப் பரிந்துரைக்கும் முறைதான் இது. மட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கும். அதன்மேல் மக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் உமிக்கரியும் கலந்து நிரப்புங்கள். அம்பாறை நெல் விளையும் மாவட்டம், நம்மிடம் உமிக்குப் பஞ்சமில்லை. அதைக் கரியாக்கிப் போட்டால் மணலுக்கு ஈரத்தையும் சத்தையும் பிடிக்கும் குணம் வரும்.

அடுப்புச் சாம்பலை இந்தச் செடிக்குப் போடாதீர்கள். சாம்பல் காரத்தன்மை கொண்டது, நம் கடலோர மணலோ ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்தது. காரமண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். குழாய் நீரிலுள்ள சுண்ணாம்பால் கனடாத் தொட்டிகளிலும் இதே மஞ்சள் நோயைக் காணலாம். மக்கிய குப்பையை மேலும் மேலும் போடுவதே இதற்குப் பரிகாரம். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் இரண்டையும் தாராளமாக ஊற்றலாம். வேரடியில் தண்ணீர் தேங்க மட்டும் விடாதீர்கள்.

கிணற்று நீரின் உப்பையும் பாருங்கள். நம் கரையில் நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலெழும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, உப்பேறிய கிணறுகளை அவசரமாக இறைத்தபோது சில இடங்களில் நிலைமை மோசமானதை நம் மாவட்டம் கண்டது. தேசிக் குடும்பம் பொதுவாக உப்பைத் தாங்காது. உப்புக் கிணறு உள்ளவர்கள் மாரி மழைநீரைப் பீலியில் பிடித்து வைத்துக் கன்றுக்குக் கொடுங்கள்.

செடி இடுப்புயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளினால்தான் பக்கக் கிளை வரும். ஐந்தாறு கிளைகளோடு புதராக நிற்க விட்டால், கை எட்டும் உயரத்திலேயே இலை நிறையும். தமிழ்நாட்டில் காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் செங்காம்பு வகையை வயலாகவே பயிரிடுகிறவர்களும் இப்படித்தான் புதராக்கி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளையோடு அறுவடை செய்கிறார்கள். பூவைக் கிள்ளினால் சத்து இலைக்குப் போகும். ஒரு கிளையிலாவது பூவை விட்டுவையுங்கள், பறவைகளுக்கு உணவும் அடுத்த தலைமுறைக் கன்றுகளும் அதிலிருந்துதான் வரவேண்டும்.

பூச்சி வரும். கொழுந்தில் வெள்ளை மெழுகு நூல் தெரிந்தால் அது சைலிட். அந்தக் கொழுந்தை வெட்டி எரியுங்கள், மற்றதில் வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். இலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது எச்சமல்ல, வண்ணத்திப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும். கன்று சிறிதென்றால் புழுவைக் கையால் எடுத்துவிடுங்கள். பெரிய செடியில் நாலு இலை தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். பள்ளிப் பிள்ளைகள் முட்டையிலிருந்து சிறகு விரியும்வரை கண்ணால் பார்த்துப் படிக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது.

இலையை உண்ணும் விதத்திலும் கவனம் வேண்டும். கறிவேப்பிலையில் சுண்ணாம்புச்சத்தும் உயிர்ச்சத்து ‘ஏ’யாக மாறும் கரோட்டினும் நிறைய உண்டு. ஆனால் ஆணத்திலிருந்து எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்தால் அந்தச் சத்து கோப்பையிலேயே கிடக்கும். அரைத்துச் சம்பலாக்குங்கள், இலைக்கஞ்சியில் சேருங்கள். அதேநேரம், நீரிழிவுக்கு இது மருந்தென்று நம்பி வைத்தியர் தந்த மாத்திரையை எவரும் நிறுத்திவிடக் கூடாது. இது நல்ல உணவு. அந்த இடத்திலேயே இருக்கட்டும்.

எப்படி இழந்தோம், எப்படி மீட்போம்

இவ்வளவு எளிதாக வளரும் செடி ஏன் நம் வளவுகளில் குறைந்தது? முதற் காரணம் நம் வழக்கோடு பிணைந்தது. பெண் பிள்ளைக்கு வீடும் வளவும் எழுதிக்கொடுப்பது கிழக்குக் கரையில் முஸ்லிம்கள், தமிழர்கள் இரு சாராரிடமும் உள்ள நடைமுறை. மூன்று மகள்மார் என்றால் வளவு மூன்றாகும், அடுத்த தலைமுறையில் இன்னும் சிறிதாகும். நிலம் சுருங்கும்போது வீட்டார் முதலில் வெட்டுவது தென்னையையல்ல. தென்னைக்கு விலை உண்டு, மாவுக்கு மதிப்பு உண்டு. இடையில் நிற்கும் செடித்தட்டைத்தான் வெட்டுகிறோம். மிஞ்சிய வெளிக்குச் சீமெந்துத் தளம், இன்டர்லொக் கல். உதிரும் இலை குப்பையாகித் தீயில் போகிறது. நாள்தோறும் உணவு தந்த தட்டு முதலில் போனது. பிறகு அதே இலையைக் கடையில் பொலித்தீன் பையில் வாங்குகிறோம். அந்த இலையில் என்ன தெளித்தார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. மருந்தெச்சம் காரணமாக இந்தியக் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்த காலம் உண்டு.

இந்த இழப்பின் விலை நெருக்கடியில்தான் தெரிந்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், 2022இல் டொலர் இன்றி நாடே வரிசையில் நின்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைகூட அறிவித்தார்கள். அன்று கத்தரி விதை வாங்கி நட்டவர் காய்க்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. முருங்கையும் அகத்தியும் கறிவேப்பிலையும் பசளியும் ஏற்கெனவே நின்ற வளவில் அன்றைக்கே சுண்டலும் கஞ்சியும் இருந்தன. பஞ்சம் வந்த பிறகு பல்லாண்டுச் செடி நட்டுப் பயனில்லை. நல்ல காலத்தில் நட்டு வைத்ததுதான் கெட்ட காலத்தில் கைகொடுக்கும்.

மகள்மாருக்கு வளவு கொடுக்கும் வழக்கைக் குறை சொல்ல நான் வரவில்லை. பெண்ணுக்கு நிலவுரிமை தரும் அந்த வழக்கு எனக்குப் பெருமை. சிறு வளவிலும் செடித்தட்டு நிற்கும் என்பதே என் வாதம். மேல்மரத்துக்கு இடமில்லாத 6 பேர்ச்சில், மதிலோரமாக மூன்றடி அகலத்தில் ஒரு பட்டியை மண்ணாக விடுங்கள். அதில் ஒரு கறிவேப்பிலை, ஒரு தேசி, அடிக்கடி வெட்டித் தாழ்வாக வைத்த ஒரு முருங்கை, கீழே ரம்பையும் வல்லாரையும், மதிலில் பசளி. இங்கிலாந்தில் ஹார்ட் வகுத்த தட்டுகளில் பாதி அந்தப் பட்டியிலேயே அமைந்துவிடும். உதிர்ந்த இலையை எரிக்காமல் அங்கேயே போடுங்கள். மணல் மண்ணாக மாற அது போதும்.

நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் நட்டவருக்கு அது ஸதகாவாகும் என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். கறிவேப்பிலையைப்போல் அந்தச் செய்திக்கு எளிதாகப் பொருந்தும் செடி அரிது. இலை அயலவருக்கு, பழம் குயிலுக்கு, தளிர் வண்ணத்திப்பூச்சிக்கு, குட்டி அடுத்த வீட்டுக்கு.

ஆகவே மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். பாடசாலைகளுக்கு: ஒவ்வொரு பாடசாலையும் நல்ல வாசனையுள்ள தாய்ச்செடிகளைக் கண்டறிந்து ஒரு நாற்றுமேடை வைக்கட்டும், மாணவர் கையால் கன்றுகள் வீடுகளுக்குப் போகட்டும். பள்ளிவாசல், கோயில் நிருவாகங்களுக்கு: உங்கள் வளாகத்தில் சீமெந்து போடாத ஒரு மூலையைச் செடித்தட்டுக்கு ஒதுக்குங்கள். நோன்புக் கஞ்சிக்கும் அன்னதானத்துக்கும் அங்கிருந்தே இலை வரட்டும். பெற்றோருக்கு: மகளுக்கு வீடு கட்டத் தொடங்கும் அன்றே, அத்திவாரத்துக்கு நூல் பிடிக்கும்போதே, செடிக்கான அந்த மூன்றடிப் பட்டியையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள். உம்மாவின் செடியிலிருந்து பிரித்த ஒரு குட்டியை அங்கே நடுங்கள். வீடு கட்டி முடியும்போது செடி இலை பறிக்கத் தயாராக இருக்கும்.

 மாரி மழை தொடங்குமுன்னரே குழியை வெட்டிப் பொச்சுமட்டை அடுக்கி வையுங்கள், முதல் மழையில் நடலாம்.